பகலில் காலில் இறங்கும் நீர், இரவில் சிறுநீராக வரும்: உடல் இருக்கும் நிலைக்கும் சிறுநீர் உற்பத்திக்கும் உள்ள தொடர்பு – முழுமையான வழிகாட்டி

இரவில் மூன்று நான்கு முறை எழுந்து கழிவறைக்குப் போகிறவர்கள் முதலில் குறை சொல்வது சிறுநீர்ப்பையைத்தான். ஆண்கள் புராஸ்டேட் என்பார்கள், பெண்கள் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு இப்படித்தான் என்பார்கள். அவையும் காரணமாக இருக்கலாம். ஆனால் 60 வயதைக் கடந்த பலருக்குப் பையில் பெரிய கோளாறு எதுவும் இருக்காது. இரவில் சிறுநீரகம் அளவுக்கு மீறிச் சிறுநீரை உண்டாக்குவதுதான் அவர்களின் சிக்கல். அந்த நீரில் பெரும்பங்கு படுக்கப்போகும் முன் குடித்தது அன்று. காலையிலிருந்து நின்றும் உட்கார்ந்தும் கழித்த பொழுதில் கெண்டைக்காலிலும் கணுக்காலிலும் இறங்கித் தேங்கியது. ஆகவே இரவுத் தூக்கத்தைச் சரிசெய்ய வேண்டுமானால், பிற்பகல் மூன்று மணியிலிருந்தே வேலை தொடங்கிவிடுகிறது.

நின்றால் குறையும், படுத்தால் கூடும்: ஏன்?

சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் ஏறக்குறைய 99 விழுக்காட்டை இரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. மிஞ்சுவது ஒன்று முதல் இரண்டு லிட்டர் சிறுநீர். திருப்பி எடுக்கும் அளவு 99-லிருந்து 98 விழுக்காடாக இறங்கினாலே சிறுநீர் இரட்டிப்பாகிவிடும். உடலின் நிலையில் ஏற்படும் சிறு மாற்றமும் பெரிதாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் அதிகமான இரத்தம் மார்பிலிருந்து வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. அசையாமல் நின்றால், அரை மணி நேரத்துக்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி நுண்குழாய்களின் சுவர் வழியாகக் கசிந்து காலின் தசைக்கும் தோலுக்கும் இடையே சேரத் தொடங்குகிறது. மார்பில் இரத்தம் குறைந்ததை உடல் நீரிழப்பாகவே எடுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் ரெனின், ஆல்டோஸ்டிரோன், வாசோபிரசின் ஆகிய மூன்று சுரப்புகளும் கூடுகின்றன. முதல் இரண்டும் உப்பைப் பிடித்து வைக்கின்றன, மூன்றாவது நீரைப் பிடித்து வைக்கிறது. சிறுநீர் குறைந்து அடர்த்தியாகிறது.

படுத்தவுடன் எல்லாம் தலைகீழாகிறது. காலில் தேங்கிய நீர் மெல்ல இரத்தக் குழாய்களுக்குத் திரும்புகிறது. இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. விரியும்போது அங்குள்ள தசை ஏஎன்பி என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட் குழுவினர் 1981-ல் இதை வெளிப்படுத்தினார்கள். உப்பையும் நீரையும் வெளியேற்றும்படி சிறுநீரகத்துக்குக் கட்டளையிடுவது இந்த ஹார்மோன்தான். இளமையில் இரவு நேரத்தில் வாசோபிரசின் கூடி இதை ஈடுகட்டிவிடும். வயது ஏற ஏற அந்த இரவு ஏற்றம் மங்கிப்போகிறது. இளையருக்கும் பகல் முழுக்க நின்றால் கால் கனக்கும், ஆனாலும் இரவில் தூங்கிவிடுவார்கள். முதியவர்கள் எழுந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உழைப்புக்கும் பங்கு உண்டு. கடுமையாக ஓடும்போதோ பளு தூக்கும்போதோ இரத்தம் தசைகளுக்கும் தோலுக்கும் திரும்பிவிடுவதால் சிறுநீரகத்துக்குப் போவது வெகுவாகக் குறைகிறது. வியர்வையும் சேர்ந்துகொள்ள, சில மணி நேரத்துக்குச் சிறுநீர் கொஞ்சமாகத்தான் வரும். மெதுவான நடை வேறு வகை. அது சிறுநீரகத்தைப் பட்டினி போடாது. அதே வேளையில் கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் சுருங்கி, காலில் உள்ள நீரை மேலே ஏற்றுகிறது. நமக்குப் பயன்படப் போவது இந்த மெதுவான நடைதான்.

நீச்சல் குளத்தில் இறங்கிக் கழுத்தளவு நின்றால் சற்று நேரத்தில் சிறுநீர் முட்டுவதும் இதே கதைதான். நீரின் அழுத்தம் கால் இரத்தத்தை மார்புக்குத் தள்ளுகிறது, உடல் படுத்திருப்பதுபோல் நடந்துகொள்கிறது. குளத்தை விட்டு வந்தபின் தாகம் இல்லாவிட்டாலும் ஒரு குவளை நீர் குடிக்கலாம். குளிரூட்டிய அலுவலகத்தில் அடிக்கடி போக நேர்வதற்கு, வியர்வை நின்றுபோவதும் குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதும் காரணம்.

முதல் படி: மூன்று நாள் அளவுக் குறிப்பு

அளக்காமல் எதையும் மாற்ற வேண்டாம். "நாலு தடவை எழுந்திரிக்கிறேன்" என்று மட்டும் சொன்னால் மருத்துவராலும் காரணத்தைப் பிரித்தறிய முடியாது. ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லிலிட்டர் வந்தது என்பதே விடை தரும்.

தேவையானவை: அளவுக்கோடு போட்ட ஒரு லிட்டர் பிளாஸ்டிக் குவளை, ஒரு தாள், பேனா, தையல் அளவு நாடா. குவளையைக் கழிவறையிலேயே வையுங்கள். சமையலறைக்குத் திரும்பக் கொண்டுபோகாதபடி அதில் பெரிதாக ஓர் அடையாளம் போட்டுவிடுங்கள். குவளையில் போவது சிரமமாக இருக்கும் பெண்கள், கழிவறைத் தொட்டியின் இருக்கைக்கு அடியில் பொருந்தும் அளவுத் தட்டைப் பயன்படுத்தலாம். மருத்துவப் பொருள் கடைகளில் கிடைக்கும்.

தொடர்ந்து வரும் மூன்று நாள்கள் வேண்டும் என்பதில்லை. ஆனால் அவற்றில் ஒரு நாளாவது வழக்கமான வேலை நாளாக இருக்கட்டும். வீட்டில் ஓய்வாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் அளந்தால் உங்கள் கால்கள் என்ன செய்கின்றன என்பது தெரியவே தெரியாது. ஒவ்வொரு முறையும் நேரம், அளவு, அப்போது தூங்கி எழுந்தீர்களா என்பதை எழுதுங்கள். குடித்த ஒவ்வொன்றையும் எழுதுங்கள். தண்ணீரோடு தே, கோப்பி, ரசம், மோர், கஞ்சி, நூடல்ஸ் சூப் எல்லாம் கணக்கில் சேரும். படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் குறியுங்கள்.

கூடவே காலையில் எழுந்ததும், மாலை ஆறு மணிக்கும் கணுக்கால் எலும்புக்கு இரண்டு விரல்கடை மேலே நாடாவால் சுற்றளவு எடுங்கள். இரண்டு வேளையும் ஒரே இடத்தில் அளக்கப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளலாம். பிறகு முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே உள்ள முன் எலும்பின் கீழ்ப்பகுதியைக் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி அப்படியே நின்றால் நீர் தேங்கியிருக்கிறது. காலுறையின் மேல்விளிம்பு ஆழமான வளையமாகப் பதிந்திருந்தாலும் அதே பொருள்தான்.

கணக்குப் போடும் முறை

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். படுக்கப்போகும் முன் கழிக்கும் சிறுநீர் பகல் கணக்கில் சேரும். காலையில் எழுந்ததும் முதலில் கழிப்பது இரவுக் கணக்கில் சேரும், ஏனென்றால் அது தூக்கத்தில் உண்டானது. இதை விட்டுவிட்டால் இரவு அளவு 300 மில்லிலிட்டர்வரை குறைந்து காட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் இரவு 10.30-க்குப் படுத்துக் காலை 6.15-க்கு எழுகிறார். இரவு 12.40-க்கு 280, 2.30-க்கு 310, 4.40-க்கு 260, காலை 6.15-க்கு 300 மில்லிலிட்டர். இரவு மொத்தம் 1,150. பகலில் ஆறு முறை போனதில் மொத்தம் 850. ஆக 24 மணி நேரத்தில் 2,000. இரவுப் பங்கு 57.5 விழுக்காடு.

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரவுப் பங்கு 33 விழுக்காட்டைத் தாண்டினால் இரவு உற்பத்தி மிகை என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். இளம் வயதினருக்கு அந்த எல்லை 20 விழுக்காடு. நடுவயதினருக்கு இரண்டுக்கும் இடையில் வைத்துப் பார்க்கலாம். மேலே சொன்னவரின் பை ஒரே முறையில் 310 மில்லிலிட்டர் பிடிக்கிறது, எனவே பையில் குறையில்லை. அவருக்குச் சிறுநீர்ப்பையைத் தளர்த்தும் மாத்திரை கொடுத்தால் பெரிதாகப் பயன் இருக்காது.

அதே நான்கு முறை எழுபவரின் அளவு ஒவ்வொரு முறையும் 80, 100 என்று இருந்தால் கதை வேறு. பை முழுதாக நிரம்புவதில்லை, அல்லது முழுதாகக் காலியாவதில்லை. புராஸ்டேட், அளவுக்கு மீறிச் சுருங்கும் பை, கிருமித் தொற்று என்ற பக்கம் தேட வேண்டும். கீழே சொல்லப்போகும் கால் வைத்தியம் அவருக்கு அதிகம் உதவாது.

மூன்றாவது வகை, இரவு பகல் இரண்டிலும் நிறைய வருவது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 40 மில்லிலிட்டரைத் தாண்டினால், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு ஒரு நாளில் 2,400-க்கு மேல் போனால், ஒன்று அளவுக்கு மீறிக் குடிக்கிறார், அல்லது இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். சர்க்கரை லிட்டருக்கு சுமார் 10 மில்லிமோலைத் தாண்டும்போது சிறுநீரில் கசிந்து, தன்னோடு நீரையும் இழுத்துக்கொண்டு போகும். சிங்கப்பூரில் உள்ள இந்தியக் குடும்பங்களில் நீரிழிவு எவ்வளவு பரவலானது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

பிற்பகலில் செய்ய வேண்டியது

இரவு உற்பத்தி மிகை, மாலையில் கால் வீக்கம், இரண்டும் இருந்தால் இந்தப் பகுதி உங்களுக்குத்தான். நோக்கம் எளிது: காலில் தேங்கிய நீரைப் படுக்கைக்குப் போகும் முன்பே சிறுநீராக வெளியேற்றிவிடுவது.

பிற்பகல் நான்கு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் இடையே குறைந்தது 45 நிமிடம், முடிந்தால் ஒரு மணி நேரம், மல்லாந்து படுங்கள். கெண்டைக்கால் முழுவதையும் தாங்கும்படி இரண்டு மூன்று தலையணைகளை அடுக்கி, பாதம் இதய மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருக்கும்படி வையுங்கள். குதிகால் மட்டும் தலையணை விளிம்பில் படும்படி வைத்தால் அந்த இடம் புண்ணாகும், முழங்காலும் பின்பக்கமாக வளைந்து வலிக்கும். படுத்திருக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பாதத்தை மேலும் கீழுமாக 20 முறை அசையுங்கள்.

சோஃபாவில் உட்கார்ந்து முக்காலியில் காலை நீட்டுவது இதற்கு ஈடாகாது. அப்போதும் கால் இதயத்துக்குக் கீழேதான் இருக்கிறது, இடுப்பின் மடிப்பு வேறு இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. "தினமும் காலைத் தூக்கித்தான் வைக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை" என்பவர்களில் பலர் செய்வது இதைத்தான்.

இரண்டாவது பிழை நேரம். இரவு பத்து மணிக்குப் படுக்கையிலேயே காலைத் தூக்கி வைத்தால் நீர் அப்போதுதான் திரும்பத் தொடங்கும். பன்னிரண்டு மணிக்கு நீங்களே உங்களை எழுப்பிவிட்டவர் ஆவீர்கள். மாலையில் செய்தால் அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சிறுநீர் வரும். குறிப்புத் தாளில் 8, 9 மணி அளவுகள் ஏறினால் சரியாகச் செய்கிறீர்கள்.

படுத்து எழுந்தபின் 20 முதல் 30 நிமிடம் நடங்கள். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சுற்றினாலும் போதும், மழை பெய்தாலும் தடையில்லை. மூச்சு வாங்காத வேகம், பேசிக்கொண்டே நடக்கும் வேகம். நடக்க முடியாதவர்கள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம், 15 முறை வீதம் மூன்று சுற்று.

பகலில் படுக்க வழியே இல்லாதவர்களுக்கு முழங்காலுக்குக் கீழான அழுத்தக் காலுறை உதவும். பாதரச அளவில் 15 முதல் 20 மில்லிமீட்டர் அழுத்தம் உள்ளது தொடக்கத்துக்குப் போதும். அளவு எடுப்பதும் மாட்டுவதும் காலையில், வீக்கம் ஏறும் முன்பு. மதியம் வீங்கிய காலில் மாட்டினால் ஏறாது, ஏறினாலும் வெட்டும். மேல்விளிம்பைச் சுருட்டி விடவே கூடாது, அது கயிறுபோல் இறுக்கிக் கீழே வீக்கத்தைக் கூட்டும். இந்த ஊர் வெக்கையில் விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்திய பிறகே மாட்டுங்கள். படுக்கப்போகும் முன் கழற்றிவிடுங்கள். நீண்டநாள் நீரிழிவு உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறவர்கள் வாங்கும் முன் காலின் தமனி ஓட்டத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இரத்தம் போதாத காலில் இறுக்கமான காலுறை புண்ணையே உண்டாக்கும்.

இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றில் எதையும் தொடங்கக் கூடாது. தட்டையாகப் படுத்தால் மூச்சுத் திணறுகிறவருக்குக் காலைத் தூக்கி வைப்பது ஆபத்து.

உப்பு

காலில் நீர் தேங்குவதற்கு ஈர்ப்பு விசை பாதிக் காரணம் என்றால், அந்த நீரைப் பிடித்து வைத்திருப்பது உப்பு. உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியம் என்று எல்லை வைத்திருக்கிறது, ஒரு தேக்கரண்டி உப்பில் அடங்கிவிடும் அளவு. சிங்கப்பூரர்கள் சராசரியாக 3,620 மில்லிகிராம் உட்கொள்கிறார்கள் என்று 2022-ன் தேசிய ஊட்டச்சத்து ஆய்வு காட்டியது. ஜப்பானில் நாகசாகிப் பல்கலைக்கழகக் குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், உப்பைக் குறைத்தவர்கள் இரவில் எழுவது சராசரியாக 2.3-லிருந்து 1.4 முறையாகக் குறைந்தது.

தொடங்க வேண்டிய இடம் இரவுச் சாப்பாடு. உணவங்காடியில் நூடல்ஸ் வாங்கினால் சூப்பை மிச்சம் வையுங்கள். கறியைச் சோற்றின்மேல் வெள்ளமாக ஊற்றாமல் தனியாகக் கேளுங்கள். அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றும் ஒரே வேளையில் வேண்டாம். பொட்டாசியம் கலந்த சோடியம் குறைந்த உப்பு இப்போது கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது, பலருக்கு நல்லது. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களும், எனலாப்ரில், லொசார்ட்டான், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் கேட்காமல் மாறக் கூடாது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே பிசகும்.

குடிப்பதைக் குறைப்பதைவிட நேரத்தை மாற்றுங்கள்

டாக்சி, பேருந்து ஓட்டுநர்களும் பாதுகாவல் அதிகாரிகளும் கழிவறைக்குப் போக வழியில்லை என்று பகல் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டிருந்துவிட்டு, வீடு திரும்பியதும் ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடிக்கிறார்கள். அடர்ந்த சிறுநீரால் பகலில் கல் உருவாக வாய்ப்பு, இரவில் தூக்கம் கெடும். பன்னிரண்டு மணி நேரப் பணி என்றால் மணிக்கு 150 மில்லிலிட்டர் வீதம் குடியுங்கள். வெயிலில் நிற்பவர்களுக்கு இன்னும் கூட வேண்டும். நாளின் பெரும்பங்கு மாலை ஐந்துக்குள் முடியட்டும். படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் ஒரு குவளையோடு நிறுத்துங்கள். கடைசித் தே அல்லது கோப்பி பிற்பகல் மூன்றுக்குள். மதுபானம் வாசோபிரசினையே அடக்கிவிடுவதால், குடித்ததைவிட அதிகமாகச் சிறுநீர் போகும்.

இரவுப் பணியில் இருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் தங்கள் தூக்கத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். காலை எட்டு மணிக்குப் படுப்பவருக்கு "மாலை நேரம்" என்பது விடிகாலை நான்கு மணி.

மாத்திரைகளும் குறட்டையும்

இரத்த அழுத்தத்துக்கு எடுக்கும் அம்லோடிப்பின் பலருக்குக் கணுக்காலை வீங்கவைக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய நீரிழிவு மாத்திரைகள் சிறுநீரைக் கூட்டுகின்றன. எப்போது எடுக்கிறீர்கள் என்பதை மருந்தாளரிடம் சொல்லிப் பாருங்கள். ஃபுரோசமைடு போன்ற நீர் மாத்திரையைச் சிலருக்கு மருத்துவர்கள் பிற்பகலுக்கு மாற்றுவதுண்டு, படுப்பதற்குள் அதன் வேலை முடிந்துவிடும் என்பதால். நேரத்தையோ அளவையோ நீங்களாக மாற்றாதீர்கள். இரவுச் சிறுநீரைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் முதியவர்களுக்கு இரத்தச் சோடியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக் கூடும், இரத்தப் பரிசோதனை இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

கால் வீக்கமே இல்லை, ஆனாலும் இரவுப் பங்கு அதிகம் என்றால், வீட்டாரிடம் குறட்டையைப் பற்றிக் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு அடைபடும்போது மார்புக்குள் ஏற்படும் உறிஞ்சல் இதயத்தின் மேலறையை இழுத்து விரிக்கிறது, ஏஎன்பி பொங்குகிறது. மூச்சுத் தடைக்குச் சிகிச்சை எடுத்ததும் இரவில் கழிவறைக்கு எழுவது நின்றுபோனவர்கள் உண்டு.

படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்வோருக்கு

படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியைப் பகலெல்லாம் சக்கர நாற்காலியில் உட்கார வைக்கத் தொடங்கியதும் இரவு டயப்பர் நனைந்து வழிகிறது என்று குடும்பங்கள் குழம்புவதுண்டு. நோய் முற்றிவிட்டது என்று பொருளில்லை. தொங்கும் கால்களில் இப்போதுதான் நீர் தேங்குகிறது. உட்கார வைப்பதை நிறுத்த வேண்டாம், அது நுரையீரலுக்கும் தோலுக்கும் நல்லது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள், கடைசி முறை மாலை ஆறு மணிக்குள். அளவு தெரிய வேண்டுமானால் உலர்ந்த டயப்பரைச் சமையலறைத் தராசில் நிறுத்து, நனைந்த எடையிலிருந்து கழியுங்கள். ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர்.

இரவில் நடந்து போகிறவர்கள் எழுந்ததும் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை அசைத்து, பிறகு நிற்க வேண்டும். படுத்திருந்து திடீரென நிற்கும்போது இரத்த அழுத்தம் இறங்குவதாலும் இரவு விழுகைகள் நேர்கின்றன. வழியில் மங்கலான விளக்கு வையுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் முதியோருக்கான 'ஈஸ்' திட்டத்தின்கீழ் கைப்பிடிகளும் வழுக்காத தரையும் அரசு மானியத்தில் பொருத்தித் தருகிறார்கள்.

எப்போது மருத்துவரிடம்

நான்கு வாரம் செய்துவிட்டு, அதே மூன்று நாள் குறிப்பை மறுபடியும் எடுங்கள். இரவுப் பங்கு இறங்கவில்லை என்றால் இரண்டு தாள்களையும், மாத்திரைகளின் பட்டியலையும் பலதுறை மருந்தகத்துக்கோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ கொண்டுபோங்கள். சிறுநீர், சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு ஆகிய பரிசோதனைகளை அங்கேயே செய்துவிடலாம்.

காத்திருக்கக் கூடாதவை சில உண்டு. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் காலின் ஆழத்தில் உள்ள சிரையில் இரத்தக்கட்டு இருக்கலாம், சென்னைக்குப் போய்வந்த விமானப் பயணத்துக்குப் பிறகு இதைக் குறிப்பாகக் கவனியுங்கள். சிறுநீரில் இரத்தம், காய்ச்சலோடு விலாவலி, ஒரு நாள் முழுவதும் 400 மில்லிலிட்டருக்கும் குறைவாக வருவது, முட்டியும் வராமல் அடைபடுவது, கடும் உடற்பயிற்சிக்குப் பின் கோலா நிறத்தில் போவது ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவமனை. கால் வீக்கத்தோடு மூச்சுத் திணறல் வந்தால் அவசர மருத்துவ வாகனத்துக்கு 995-ஐ அழையுங்கள்.